எடப்பாடி முனியப்பன் காடும் நான் மடித்த இரண்டு பொட்டலமும்

இந்தப் பயணத்தை எழுதித் தரும்படி நம் கோயில் ஆண்டு மலர்க்காரர்கள் முதலில் கேட்டு ஏழு வருடம் ஆகிறது. "அடுத்த மலருக்குத் தருகிறேன்" என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டே வந்தேன். நோட்டில் முதல் பக்கம் எழுதுவேன், படித்துப் பார்ப்பேன், கிழித்துவிடுவேன். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எழுதினால் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. வாக்கு இப்போது தீர்ந்துவிட்டது. பயத்தை முருகன் பார்த்துக்கொள்வான்.

நான் இங்கே மலேசியாவில் ஈப்போ பக்கம் தொழிற்சாலை பஸ் ஓட்டிப் பிழைத்தவன். மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். குலசாமி எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. "எடப்பாடி முனியப்பன் காடு" என்று அப்பா ஒரு பழைய சாமி படத்தின் பின்புறம் எழுதி வைத்திருந்தார். அதுதான் எங்களிடம் இருந்த விலாசம். மகன் எழுந்து நடந்தான். மனைவிக்கு மூட்டு வலி, விமானம் ஏற முடியாது. யார் யாரையோ பிடித்து விசாரித்ததில் காடு இன்னும் இருக்கிறது, அதன் பூசாரி செங்கோடன் என் அப்பாவின் தம்பி மகன் என்று தெரியவந்தது. நான் மட்டும் கிளம்பினேன்.

முதல் நாள் சேலம். சித்திரை மாதம். நம் ஊர் வெயில் ஈரத் துணியைப் போல மேலே ஒட்டும்; அந்த ஊர் வெயில் தோசைக் கல்லைப் போலச் சுடுகிறது. செவ்வாய்ப்பேட்டைக்குப் பொங்கல் சாமான் வாங்கப் போனேன். ஒரு சந்துக்குள் டவுன் பஸ் ஒன்று திரும்பியது. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் தொங்கவிட்டிருந்த வாளிகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பஸ் போனதும் மறுபடி வெளியே மாட்டினார்கள். நடுவில் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டின எனக்கு அந்த டிரைவரை நிறுத்திக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"எந்தச் சாமிக்குங்க?" என்று வெல்லக் கடைக்காரர் கேட்டார்.

"முனியப்பனுக்கு."

"அப்ப அச்சு வெல்லம் வேண்டாமுங்க. உருண்டை எடுத்துக்குங்க."

"ஏன், அச்சு ஆகாதா?"

"எனக்கென்னங்க தெரியும்? எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க."

சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு கடி கடித்தால் பாதி சட்டையில் விழும். பக்கத்தில் தின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் ஒரு பொட்டு இல்லை. எனக்கு மட்டும் வெள்ளைச் சட்டை பாழ்.

இரண்டாம் நாள் எடப்பாடி பஸ். பாதி வழியில் பின் சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு புளியமர நிழலில் நின்றோம். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே கன்னடம் கலந்த ஏதோ ஒரு பேச்சில் சிரித்துக்கொண்டார்கள். நெசவுக் குடும்பத்தார், வீட்டுக்குள் அப்படித்தான் பேசுவார்களாம். கண்டக்டர் எனக்கு மொழிபெயர்த்தார்: "பெரியவரு சட்டையில குங்குமத்தக் கொட்டிக்கிட்டாரே, எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வாராருன்னு கேக்கறாங்க." பீட்ரூட் என்று நான் சொன்னதை அவர் அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். பஸ் கிளம்பும் வரை சிரிப்பு ஓயவில்லை.

செங்கோடன் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். ஒல்லியான ஆள், கட்டைக் குரல். "வாங்கண்ணா" என்று கையைப் பிடித்தவர், நடந்து காட்டுக்குப் போய்ச் சேரும் வரை விடவில்லை. என் அப்பாவின் கை அதே மாதிரி சொரசொரப்பாக இருக்கும்.

காடு என்றதும் நான் மனதில் வைத்திருந்தது நம் ஊர்க் காடு. போய்ப் பார்த்தால் தெருவுக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் விசைத்தறிச் சத்தம். ஒரு பக்கம் காரைச் சுவர், ஒரு பக்கம் வீடுகளின் முதுகு, நடுவில் ஒன்றே முக்கால் ஏக்கர் மரம். உசில், இலுப்பை, வெப்பாலை, வேம்பு, நாவல், பெயர் தெரியாத முள் மரங்கள். உள்ளே பத்து அடி வைத்ததும் வெயில் காணாமல் போய்விட்டது. தறிச் சத்தம் மட்டும் இலைகளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மழை பெய்வது போலக் கேட்டது.

முன்பு அது வயலுக்கு நடுவில் பெரிய காடாக இருந்ததாம். வயல் வீடாயிற்று, வீடு தறிப்பட்டறையாயிற்று. காடு சுருங்கிக்கொண்டே வந்து இந்த அளவில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டேன்.

"இரும்புதானுங்கண்ணா காரணம்" என்றார் செங்கோடன். "இதுக்குள்ள இரும்பு வரப்படாது. அருவா, கோடாலி, மம்பட்டி எதும் ஆகாது. அப்புறம் எப்படி வெட்டுவாங்க?"

மரம் வெட்டாதது மட்டுமில்லை, விழுந்த சுள்ளியைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது. காட்டின் விறகில் அடுப்பு எரித்த வீடு விளங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கரண்ட் கம்பிகூடக் காட்டைச் சுற்றித்தான் போகிறது. வாசலில் ஒரு பலகை இருந்தது: "இது நம் நகரத்துக் காடு. பறவைகளுக்குத் தொந்தரவு தர வேண்டாம்." பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒரு டீச்சர் பிள்ளைகளோடு வந்து வைத்ததாம். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.

வாசல் கல்லின் மேல் வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, பெல்ட், ஊக்கு, கொண்டை ஊசி என்று ஒரு குவியல். உள்ளே போகிறவர்கள் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பும்போது அவரவருடையதை எடுத்துக்கொள்வார்கள். விமான நிலையச் சோதனை எனக்கு இதைவிடச் சுலபமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இடது தொடையில் பழைய விபத்தில் வைத்த எஃகுக் கம்பி இருக்கிறது. செங்கோடனிடம் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்து வெளியே நிற்க வேண்டுமோ என்று கேட்டேன். அவர் என் தொடையையும் சாமி இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுல எதையாச்சும் வெட்ட முடியுமாங்கண்ணா?"

"முடியாது."

"அப்ப அது இரும்பில்லீங். காலு. வாங்க."

முனியப்பனுக்குக் கூரை இல்லை. ஓர் உசில மரத்தடியில் மண்ணால் செய்து சுண்ணாம்பு அடித்த உருவம். பெரிய கண். எதிரில் மண் குதிரைகள். அந்தக் கண்ணைப் பார்த்ததும், மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் இவர் இங்கே இப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தார் என்று தோன்றி அழுதுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் காட்டு வாசலுக்கு வெளியே மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்தேன். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. மனைவிக்கு போனில் காட்டினேன். அவளும் அழுதாள். வந்த காரியம் அதோடு முடிந்தது. கிளம்பியிருக்கலாம். "வெள்ளிக்கிழமை காட்டுல பூக்கேக்கறோம், இருந்து பாத்துட்டுப் போங்க" என்று செங்கோடன் சொன்னதால் தங்கினேன்.

பூக்கேட்பது என்றால், ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று சாமியைக் கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளிப் பூ, இன்னொன்றில் செவ்வரளிப் பூ. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி வாழை இலையில் மடித்து, சாமி முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டி, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கிடையாது. கல்யாணம், வீடு, வழக்கு எதற்கும் அப்படித்தான் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் இது அநேகமாக மறைந்துவிட்டது.

இந்த முறை கேள்வி ஓர் இலுப்பை மரத்தைப் பற்றியது. காட்டின் தெற்கு ஓரத்தில் உள்ளே பொந்து விழுந்து பட்டுப்போன பெரிய மரம். அது சுவரைத் தாண்டி சரசு என்கிற பெண்ணின் தறிக் கொட்டகை மேல் சாய்ந்து நின்றது. சரசுவின் கணவர் போர் போடும் ரிக் வண்டியில் வேலை, வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். இரண்டு பெண் பிள்ளைகள். கொட்டகையில் இரண்டு தறி, அதன் ஒரு மூலையில்தான் சமையல், படுக்கை எல்லாம். மரத்தை எடுக்கலாமா என்று இதற்கு முன் இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் சிவப்பு. மூன்றாவது முறை சொல்வதுதான் முடிவு, அப்புறம் கேட்கக் கூடாது. அதிகாரிகளிடம் மனு கொடுத்ததற்கு, கோயில் மரம், முதலில் ஊர் ஒன்றாகச் சொல்லட்டும் என்றுவிட்டார்களாம்.

ஊர் ஒன்றாக இல்லை. தெருக்கோடியில் பெரிய பட்டறை வைத்திருக்கும் பழனியப்பன் என்பவர் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பேசிப் பார்த்தேன், கெட்ட மனிதர் இல்லை. "அந்தப் புள்ள மேல எனக்கென்னங்க கோவம்? இன்னிக்கு ஒரு மரத்துக்கு வழி உட்டா நாளைக்கு வாரவன் பத்துக் கேப்பான். இத்தன நாளு நின்னதே ஒண்ணுக்கும் வழி உடாததாலதான்" என்றார். செங்கோடனும் அந்தப் பக்கம்தான். பழனியப்பன் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. எங்கள் தோட்டத்தை விற்றபோது முனியாண்டி கோயிலையும் அரச மரத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். சாமியை லாரியில் ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

நான்காம் நாள் மத்தியானம் சரசு வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள வடகம். நம் வீட்டுப் பருப்புச் சோறு போல இல்லை, பூண்டும் மிளகும் தூக்கலாக இருந்தது. மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

"அண்ணன் மலேசியாவுல பட்டினியா கெடந்துட்டு வந்திருக்கறாரு" என்றாள் சரசு.

"அம்மா, சும்மா இரு" என்றாள் சின்ன மகள் கவிதா. பன்னிரண்டு வயது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார்க் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வானம் இருட்டி வந்தது. கோடை மழைக் காற்று. நான் கை கழுவ எழுந்தேன். சரசு சட்டென்று மேலே பார்த்தாள். பார்த்தபடியே, "கவி, இங்க வா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பிள்ளையும் ஏன் என்று கேட்கவில்லை, குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டது. எத்தனையோ தடவை இப்படி எழுந்து வந்து பழகிய பிள்ளை. நாலு எட்டு வைத்திருப்பாள். மேலே ஓடு உடைந்தது. ஆள் தொடை அளவுக் கொப்பு ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு வந்து தறியின் மேல் விழுந்தது. அவள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டாக உடைந்து கிடந்தது.

மழை உள்ளே கொட்டியது. சரசு மகளை ஒரு தடவை தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு மேலே, இன்னும் சாய்ந்து நிற்கும் அடிமரத்தைப் பார்த்தாள்.

"இது கொப்புதானுங்கண்ணா. மரம் இன்னும் நிக்குது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. மழை விட்டதும் தறியைக்கூட நிமிர்த்தாமல் தாயும் கவிதாவும் அடுப்படியிலிருந்த மூத்தவளும் அந்தக் கொப்பைத் தூக்கத் தொடங்கினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சுவர் மேல் ஏற்றிக் காட்டுக்குள் தள்ளினோம். அப்புறம் தரையில் சிதறிக் கிடந்த சுள்ளிகளை, நூலில் மாட்டிக்கொண்ட பட்டைத் துணுக்கு வரை, மூவரும் பொறுக்கினார்கள். ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில் விரல் விட்டுத் தேடினார்கள். சரசு அவ்வளவையும் முந்தானையில் கட்டி, வாசல் கல்லில் கொண்டை ஊசியை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போய் மரத்தடியில் கொட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு வேற எங்காச்சும் போய் இருக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"தறியத் தூக்கிக்கிட்டு எங்கீங்கண்ணா போறது? சாமி சரின்னு சொல்லட்டும். சொல்லாம நாங்க எப்படித் தொடறது?"

ஐந்தாம் நாள் முழுக்கத் தெருவில் பூவைப் பற்றிய பேச்சுத்தான். போன தடவை பொட்டலம் மடித்தவர் மேல் ஒரு தரப்புக்குச் சந்தேகம். யார் பேரைச் சொன்னாலும் மற்றவர் ஒப்பவில்லை. கடைசியில் பழனியப்பனே என்னைக் காட்டினார். "மலேசியாக்காரரு மடிக்கட்டும். பூசாரிக்கு அண்ணன். அந்தப் பொண்ணு ஊட்டுலயும் சோறு தின்னாச்சு. அவரு யாரு பக்கமும் இல்ல." எல்லோரும் சரி என்றார்கள். டீக்கடையில் ஒருவர், "பாத்துங்க சாமி, பொட்டலத்துல பீட்ரூட்ட வெச்சுப் போடாதீங்க" என்றார். பஸ்ஸில் நடந்தது எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகி ஈர வேட்டியோடு செங்கோடன் வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்குப் போனேன். மடிக்கிறவர் தனியாகத்தான் மடிக்க வேண்டும். இரண்டு நிற அரளியும் அங்கேயே பூத்திருந்தது. வெள்ளையில் ஒன்று பறித்தேன். சிவப்பில் ஒன்று பறித்தேன். இலைத் துண்டு இரண்டையும் கல்லின் மேல் விரித்தேன். வெள்ளையை வைத்து மடித்தேன். சிவப்பைக் கையில் எடுத்தேன்.

உடைந்து கிடந்த பலகைதான் கண்ணில் நின்றது. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்த சாமி இந்தப் பிள்ளையையும் காப்பாற்றும் என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி விட்டுவிட்டு ஊர் போய், ஒரு நாள் போன் வந்தால் எந்தக் கண்ணோடு அவரைக் கும்பிடுவேன்? "முனியப்பா, பழி என் மேல் இருக்கட்டும், அந்தப் பெண்ணின் மேல் வைக்காதே" என்று சொல்லி, சிவப்பை இடுப்பு மடிப்பில் செருகிவிட்டு, இன்னொரு வெள்ளைப் பூவைப் பறித்து இரண்டாவது இலையில் மடித்தேன். மடிப்பு இரண்டு முறை பிரிந்துவிட்டது.

காட்டுக்குள் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். டீச்சரும் வந்திருந்தார். இலுப்பைப் பொந்தில் புள்ளி ஆந்தை குடியிருப்பதால் அவருக்கும் மரம் போவதில் மனம் இல்லை. தட்டைச் சாமி முன் வைத்தேன். செங்கோடன் கற்பூரம் ஏற்றி, கேள்வியைச் சத்தமாகச் சொன்னார். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை இறக்கி விட்டார்கள். அது தட்டைப் பார்க்காமல் மண் குதிரையிடம் போய்விட்டது. சிரித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தது. செங்கோடன் பிரித்தார். வெள்ளை.

சரசு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிச்சத்தையும் பிரிச்சுப் போடுங்க பூசாரி. அதான மொற" என்றார் பழனியப்பன்.

அந்த முறை எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. என் காதில் தறிச் சத்தம்கூட நின்றுபோனது.

செங்கோடன் இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, சாமியைப் பார்த்து நின்று, நெஞ்சோடு வைத்துப் பிரித்தார். பிறகு மடித்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் வைத்தார். இலை சுருண்டு புகைந்தது.

"செவப்பு" என்றார். "சாமிக்கு நேரா நின்னு பாத்தாச்சு. போதுமில்லீங்க?"

பழனியப்பன் தலையை ஆட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

மறுநாளே மரத்தை இறக்கினார்கள். இரும்பு இல்லாமல் எப்படி என்று நான் நினைத்திருந்தேன். லாரிக்காரர்களிடம் தார்ப்பாய் கட்டும் கயிறு வாங்கி வந்து, ஏழு எட்டாக முறுக்கி வடம் செய்தார்கள். ஆந்தைக் குஞ்சு இருக்கிறதா என்று ஒரு பையன் பொந்துக்குள் பார்த்துச் சொன்னான், இல்லை. வேரைச் சுற்றி மண்ணைக் கூர் சீவின கட்டைகளால் கிளறினார்கள். வேர் பாதி மக்கியிருந்தது. நாற்பது பேர் காட்டுப் பக்கமாக இழுத்தார்கள். அதில் பழனியப்பன் முதல் ஆள். மூன்றாவது இழுப்பில் மரம் முனகியது. ஐந்தாவது இழுப்பில் காட்டுக்குள் சாய்ந்தது. மண் அதிர்ந்து எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. பெண்கள் விழுந்த மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். கிடந்த இடத்திலேயே அது மக்க வேண்டியதுதான். முந்தின நாள் இடுப்பில் செருகிய செவ்வரளியை அதன் பொந்துக்குள் போட்டேன்.

"விழுந்து கெடந்தாலும் இது காட்டுக்கு வேலை செய்யும் சார்" என்றார் டீச்சர். "வண்டு, பூஞ்சை, ஓணான் எல்லாம் குடி வரும்." எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எட்டாம் நாள் செங்கோடன் என்னை பஸ் ஏற்ற வந்தார். பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"ரெண்டும் வெள்ளைங்கண்ணா."

நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன்.

"நானும் பொய் சொல்லிப்போட்டேன். நாப்பது வருஷத்துல மொதல் தடவ. கவிதாப் புள்ள எங்கண்ணு முன்னாடி பொறந்து வளந்தவ. ஆனா நான் உசுரோட இருக்கற வரைக்கும் இத வெளிய சொல்லிப்போடாதீங்க. இந்தப் பூவ நம்பித்தான் இந்தக் காடு நிக்குது."

"சொல்ல மாட்டேன் தம்பி" என்றேன். பஸ் நகர்ந்தது. அவர் கும்பிட்டாரா, கண்ணைத் துடைத்தாரா, சரியாகத் தெரியவில்லை.

செங்கோடன் போன ஐப்பசியில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை. இரண்டு மாதம் முன்பு கவிதா போன் செய்தாள். இப்போது சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள்.

"மாமா, கோயில் காட்டுக்குள்ள மண்டபம் கட்டப் போறாங்களாமுங். கார் நிறுத்தறதுக்கும் எடம் உடறாங்களாம். மேக்கால இருக்கற மரம் பூராவும் போவுதுங்கறாங்க."

"பூக்கேட்டார்களா?"

"எதுக்குக் கேக்கணும்னு கேக்கறாங்க. 'மரத்த எடுக்கலாம்னு சாமிதான் அன்னிக்கே வெள்ளைப் பூ குடுத்து உத்தரவு போட்டுருச்சே'ங்கறாங்க. அம்மா சண்ட போட்டுட்டு வந்துட்டுது. 'உன்ற மரம்னா எடுக்கலாம், எங்களுதுன்னா ஆகாதா'ன்னு அம்மாவையே திருப்பிக் கேக்கறாங்க மாமா."

பழனியப்பன் அன்று பயந்தது இதுதான். போனை வைத்துவிட்டு நம் கோயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நோட்டை எடுத்தேன்.

சாமியை நம்பாமல் நான் அதைச் செய்யவில்லை. மறுபடி அந்தக் கிணற்றடியில் நின்றாலும் அதையே செய்வேனோ என்னவோ, அதற்கு முனியப்பன் என்னைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் நான் சொன்ன பொய்யை அவர் சொன்ன வாக்கு என்று பிடித்துக்கொண்டு ஒரு காட்டையே எடுத்தால், அதை என்னால் தாங்க முடியாது. சரசுவுக்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. மடித்தவன் நான், மறைத்தவர் செங்கோடன், அவ்வளவுதான்.

மலரைப் படிக்கிறவர்களில் சேலம், நாமக்கல், எடப்பாடிப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் இருப்பீர்கள். இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து போனில் அனுப்புங்கள், அவர்களை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லுங்கள். என் தமிழைத் திருத்த வேண்டாம். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடியே போய்ச் சேரட்டும். அந்த மரத்துக்காக மூன்று முறை கேட்டார்கள். இரண்டு முறை சிவப்பு. மூன்றாவது நான்.

மரம் எடுக்க முனியப்பன் இதுவரை வெள்ளைப் பூ கொடுக்கவில்லை.